திரையில் தெரிந்த ஆறாவது முகம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கண் காது மூக்கு வைத்து எதையும் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பத்தொன்பது வருடம் நர்ஸாக இருந்த என் அக்காவுக்குப் பட்டப்பகலில் நடந்தது இது.

அன்று மேசையில் படுத்திருந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இரைப்பையில் புற்றுநோய். வயிற்றைக் கிழிக்காமல், சின்னச் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுச் செய்யும் ஆபரேஷன்.

"அஞ்சு ஓட்டைதானே சிஸ்டர்? என் பஸ் சீட்டுல இதைவிடப் பெரிய ஓட்டையெல்லாம் இருக்கு," என்று சிரித்தார். மயக்க மருந்து ஏறியதும் சிரிப்பு அடங்கியது.

மதியம் 2.10. திரை தெளிவாகத் தெரிவதற்காக அறை விளக்குகளை அணைத்தார்கள். கேமரா அக்காவின் கையில்.

2.17. டாக்டரின் கை அப்படியே நின்றது. ஈரல்மேல், குடல்மேல், எங்கு திருப்பினாலும் மணலை இறைத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

"பரவிடுச்சு. எடுத்துப் பிரயோஜனமில்ல. மூடிடலாம்."

அக்கா கேமராவை வெளியே எடுத்து, அதன் ஒளியை அணைத்தாள். திரை கறுத்தது. அந்தக் கண்ணாடியில் அறை மங்கலாகத் தெரிந்தது. இரண்டு டாக்டர்கள். மயக்க மருந்து டாக்டர். இன்னொரு நர்ஸ். அக்கா.

அக்காவின் தோளுக்குப் பின்னால்... இன்னொரு முகம்.

முகக்கவசம் இல்லை.

2.31. திரும்பினாள். யாருமில்லை.

டப்...

கதவு திறந்து மூடிக்கொண்டது.

"யாரு போனது?"

"யாரும் போகலையே," என்றாள் இன்னொரு நர்ஸ்.

பீப்... பீப்... மேசையில் ஓட்டுநர் அசையாமல் கிடந்தார். நாடித்துடிப்பில் ஒரு குறையுமில்லை.

மூன்று மணிக்கு டாக்டரும் அக்காவும் வெளியே போனார்கள். ஓட்டுநரின் மனைவி பையோடு எழுந்து நின்றாள். டாக்டர் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்.

"தெரியும் டாக்டர். அவரே வந்து சொல்லிட்டார்."

"எப்போம்மா?"

"ரெண்டரை இருக்கும். பக்கத்துல வந்து உட்கார்ந்தார். மூடிட்டாங்க, வீட்டுக்குப் போலாம்னார்."

பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று நினைத்து, ஆறுதல் சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேமரா பிடிச்சது நீங்கதானே சிஸ்டர்? உங்ககிட்டயும் சொல்லச் சொன்னார்."

"என்ன?"

அவள் அக்காவின் மேல்வயிற்றில் மெதுவாக விரலை வைத்தாள்.

ஓட்டுநர் ஏழாவது வாரம் போய்ச் சேர்ந்தார்.

அக்காவுக்கு ஒரு நாளும் வயிறு வலித்ததில்லை. மனசு கேட்காமல்தான் பரிசோதித்துக்கொண்டாள்.

அந்த விரல் பட்ட இடத்திலேயே கட்டி இருந்தது. அதற்குள் ஈரலுக்குப் போய்விட்டது. ஒரு துளைகூடப் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.