கமருன்னிசாவின் கட்டத்தாள்

கமருன்னிசா என் கடைக்குள் நுழைந்தால் அரை நாள் வியாபாரம் போச்சு என்று அர்த்தம். பெரிய காஞ்சிபுரத்தில் என்னுடையது சின்ன ஃபேன்ஸி ஸ்டோர். இருப்பது ஒரே ஸ்டூல். அதில் உட்கார்ந்து லிப்ஸ்டிக் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்து, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைத் தாளில் வரைவாள். வரைவாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

அவள் புருஷன் தறிக்கு அட்டை குத்துகிறவர். சேலை பார்டரில் வரும் மயிலையும் யானையையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் துளை போடுவார். அந்தத் தாளில்தான் இவளும் கட்டத்துக்கு ஒரு எழுத்தாக இறக்குவாள். கூடாதவை என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜரத் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்த நாலைந்து பெயர்கள் இன்னொரு தாளில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். எங்கும் பொருந்தாவிட்டால் அந்த டப்பா ஹலால். டிசைன் சரிபார்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

ஒலிமுகமதுபேட்டையில் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் என்றால் அவள்தான். பன்னிரண்டு வருஷமாக. பேட்டைக்கே அவள் ஆபா, அதாவது அக்கா. “பாத்துட்டீங்களா ஆபா?” என்று கேட்டுவிட்டுத்தான் பெண்கள் முகத்தைக் காட்டுவார்கள். அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

2003-இல் நான்தான் அதைக் கெடுத்தேன். சின்னக் காஞ்சிபுரத்து ஸுபத்ரா டீச்சர் பொட்டு வாங்க வந்திருந்தார். கெமிஸ்ட்ரி டீச்சர். என் வாய் சும்மா இருந்ததா? “இவ தாளைக் கொஞ்சம் பாருங்க டீச்சர்” என்று நீட்டினேன்.

டீச்சர் நிதானமாகப் படித்தார். “இது கிளிசரின், இது ஸ்டியரிக் ஆசிட். பாமாயில்லேந்தும் எடுப்பா, மாட்டுக் கொழுப்பு, பன்னிக் கொழுப்புலேந்தும் எடுப்பா. எதுலேந்து எடுத்தாலும் டப்பாவுல அதே பேர்தாம்மா.”

“அப்ப எப்பிடி டீச்சர் கண்டுபுடிக்கிறது?”

“கம்பெனிக்காரனுக்குத்தான் தெரியும்.”

டீச்சரை விட்டே கம்பெனிகளுக்கு ஆறு கடிதம் எழுதினோம். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. எல்லாம் சட்டப்படி தயாரிக்கிறோம், மூலப்பொருள் விவரம் வெளியில் சொல்வதற்கில்லை, நன்றி. கூடவே ஒரு ஷாம்பூ பாக்கெட். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமருன்னிசாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

“இத்தினி வருஷமா எத்தினி பொண்ணுங்க உதட்டுல என்னாத்த பூசிக்கினு இருந்தேன்னே தெரியலியே தையல்” என்றாள். தையல்நாயகியாகிய நான் அந்த ஷாம்பூ பாக்கெட்டைக் குப்பையில் எறிந்தேன்.

அடுத்த மாசம் அதே பேட்டையில் பர்ஹத் என்ற பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய தட்டில் சிங்கப்பூர் லிப்ஸ்டிக் இருந்தது. அவர்கள் தந்ததைத்தான் பெண் போட வேண்டும், மாட்டேன் என்றால் மரியாதைக் குறைவு. அலங்காரம் நடந்த அறையில் நானும் இருந்தேன்.

“பாத்துட்டீங்களா ஆபா?” என்று பர்ஹத் கேட்டாள்.

“பாத்தேன்மா. எனக்குத் தெரியல.” பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னாள்.

“நேரமாவுது, போட்டுவுடுங்க” என்றாள் வாசற்படியில் நின்ற மாமியார்க்காரி. கமருன்னிசா போட்டுவிட்டாள். ஓரம் கலைந்தது. துடைத்து மறுபடி போட்டாள்.

மே மாச வெயில். நிக்காஹ் முடிந்து, போட்டோ முடிந்து, பந்தியும் முடிந்தது. பர்ஹத் ஒரு வாய் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். கமருன்னிசா தம்ளரோடு போய் அவள் பக்கத்தில் குனிந்தாள்.

“வேணாம் ஆபா” என்றாள் பர்ஹத், உதட்டைப் பிரிக்காமல். “உள்ள போயிடும்.”

துடைத்துவிட்டுக் குடி என்று சொல்ல முடியாது. பக்கத்து நாற்காலியில் மாமியார். கமருன்னிசா தம்ளரைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். பெண்ணைக் காரில் ஏற்றியபோதும் அந்தத் தண்ணீர் அவள் கையில் அப்படியே இருந்தது.