நாற்பது நிமிட நிறுத்தம்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது துபாயில் ஒரு நிறுவனத்துக்கு அறிக்கைகள் எழுதித் தருகிறேன். வேலை மாறினாலும் பழக்கம் போகவில்லை. எங்கே போனாலும் மணி பார்ப்பேன், தூரம் கேட்பேன், மனதில் குறித்துக்கொள்வேன். அதை நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

அந்த டிசம்பரில் என் மனைவியின் அண்ணனும் அண்ணியும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். கோபுரங்களையும் மால்களையும் இரண்டே நாளில் பார்த்து முடித்துவிட்டார் அண்ணன். "கண்ணாடியாப் பாத்துப் பாத்துக் கண்ணு கூசுதுங் மாப்ள. மல கில ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். ராஸ் அல் கைமா மலைகளுக்கு வழிகாட்டியுடன் ஒரு நாள் பயணம், தனி வேன், கடைசியில் உச்சியில் சூரிய அஸ்தமனம் என்று விளம்பரம் செய்திருந்த டூர் கம்பெனி ஒன்றில் பதிவு செய்தேன்.

ஓட்டுநரேதான் வழிகாட்டியும். நாற்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, சட்டைப் பையில் கம்பெனி அட்டை. ஆங்கிலத்தில் வரவேற்றுப் பேச ஆரம்பித்தவர், பின்னால் அண்ணி "ஏங், ஏசியக் கொறைக்கச் சொல்லுங்" என்றதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நம்மாளுகளா? அப்ப இங்கிலீசுக்கு இன்னைக்கு லீவு சார்."

ராமநாதபுரம் பக்கம் என்றார். நன்றாகவே வழிகாட்டினார். வறண்ட ஆற்றுப்படுகை வழியாக ஒரு பள்ளத்தாக்குக்குள் அழைத்துப் போய், செங்குத்தான பாறைச் சுவரில் என் மகளின் விரலைப் பிடித்து ஒரு சிப்பியின் தடத்தைத் தொடவைத்தார். "இது பூராம் ஒருகாலத்துல கடலுக்கடியில கெடந்துச்சாம் பாப்பா. எங்க ஊரும் காஞ்சுதான் கெடக்கு. அதப் பாக்க ஒருத்தனும் டிக்கெட் எடுக்க மாட்டேங்குறான்." ஆங்கிலமே அதிகம் பேசும் என் மகள் தமிழில் சிரித்த அபூர்வமான நாள் அது.

மதியச் சாப்பாடு முடிந்து மலையேறப் புறப்படும்போது ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். போன வாரம்தான் விடுமுறை முடிந்து ஊரிலிருந்து திரும்பியிருந்தார். தங்கை தன் கணவனுக்கு ஒரு சம்படம் நிறைய முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். அந்த மனிதர் வேலை பார்க்கும் கல் குவாரியின் கேம்ப் வழியில்தான் இருந்தது. ஞாயிறு ஒருநாள்தான் அவர் ரூமில் இருப்பார்.

"கம்பெனில எடையில எங்கயும் நிறுத்தக்கூடாதும்பாக சார். நீங்க சரின்னா ஒரு அஞ்சு நிமிசம். இல்லேன்னா வேணாம்."

"அதுக்கென்ன, போங்க" என்றேன். இந்தச் சொற்களைத் துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறேன். பிறகு நடந்ததெல்லாம் இவற்றைச் சுற்றித்தான்.

கேம்ப் வாசலில் தங்கை கணவர் குளித்துத் தலைசீவி நின்றிருந்தார். இமை முடியில் மட்டும் கல்தூசி போகாமல் வெள்ளையாக இருந்தது. ஊருக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மச்சான் நீட்டிய எவர்சில்வர் சம்படத்தை வாங்கியவர், மூடியில் வெட்டியிருந்த மனைவியின் பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு மூடியைத் திறந்து முதல் முறுக்கை என் மகளிடம் நீட்டினார்.

"வேண்டாங்க, உங்களுக்குன்னு அனுப்பிச்சது" என்றாள் என் மனைவி.

"வந்தவுகளுக்குக் குடுக்காம நான் மட்டும் திண்டேன்னா, அவ போன்லயே வைவாக்கா" என்றார்.

பக்கத்துக் கஃபெடீரியாவில் எங்கள் எல்லோருக்கும் டீ சொன்னார். ஓட்டுநர் இருமுறை மணி பார்த்து, "போவமா சார், உச்சில வெளிச்சம் போயிரும்" என்றார். நாங்கள் டீ ஆறட்டும் என்றோம். அண்ணன் ஜல்லி லாரிகளின் முன்னால் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது அந்த மனிதர் பாதி முறுக்கைத் தாளில் கொட்டிக்கொண்டு, மீதியைச் சம்படத்தோடு என் மகள் மடியில் வைத்தார். "தின்னுட்டுச் சம்படத்த மச்சான்ட்ட குடுத்து விடுங்கண்ணே." என் கைப்பேசி எண்ணை ஓட்டுநர் வாங்கிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வளைவு வளைவாக உச்சிக்கு ஏறியபோது சூரியன் எதிர் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. பாறைகள் சாம்பல் நிறத்தில், பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கியதுபோல் நின்றன. காற்று குளிர்ந்தது. "இத்தன தூரம் வந்து இதப் பாக்காமப் போறமேங்" என்றார் அண்ணன். அவர் சொன்னது ஓட்டுநருக்கும் கேட்டது. "மன்னிச்சுக்கங்க சார், என்னாலதான்" என்றார். அப்போது நானாவது மறுத்திருக்கலாம்.

மறுநாள் மாலை கருத்துக் கேட்டுக் கம்பெனியிலிருந்து இணைப்பு வந்தது. "நல்லா எழுதுங் மாப்ள, பத்திரிகைக்காரருங்களாச்சே" என்று அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் எழுதினேன். வழிகாட்டி விவரம் அறிந்தவர். ஆனால் பயணத் திட்டத்தில் இல்லாத ஒரு தொழிலாளர் முகாமில், சொந்த வேலைக்காக நாற்பது நிமிடம் வண்டியை நிறுத்தினார். அதனால் விளம்பரத்தில் சொன்ன அஸ்தமனத்தைக் காண இயலவில்லை. மூன்று நட்சத்திரம்.

அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வாக்கியம் கச்சிதமாக வந்திருந்தது, அண்ணன் "சபாஷ்" என்றார், அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அனுமதி கேட்டதையும், கொடுத்ததையும், முறுக்கையும், டீயையும் விட்டிருந்தேன். ஒரு நிருபர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் கூப்பிட்டு வைத்துக் கேட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் ஓட்டுநர் போன் செய்தார். சம்படத்துக்காக என்று நினைத்தேன்.

"ஒரு ஒதவி சார். வண்டி ஜிபிஎஸ்ல அன்னைக்கு நின்னது தெரிஞ்சுபோச்சு போல. ரெண்டு நாளா டூட்டி தரல. டூர் வண்டியிலருந்து எறக்கி கூலியாளுகள ஏத்துற லேபர் பஸ்ஸுக்குப் போடப்போறேங்குறாரு சூப்பர்வைசர். இந்தக் கைடு லைசென்ஸுக்கு நாலு வருசம் படிச்சு அலைஞ்சேன் சார். உங்கள்ட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்துனேன்னு ஒரு மெயில் போட்டீங்கன்னா போதும். படிச்சவுக சொன்னா எடுபடும்."

"போடுறேன்" என்றேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல அந்த இடத்தில் ஒரு இடைவெளி இருந்தது. "கண்டிப்பா போடுறேன்" என்று மறுபடி சொன்னேன்.

முதலில் என் கருத்தை நீக்கப் பார்த்தேன். தளம் அனுமதிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மெயில் அனுப்பினேன். "நிறுத்தத்துக்குப் பயணிகளின் ஒப்புதல் பெறப்பட்டிருந்தது." யார் பெற்றார், யார் கொடுத்தார் என்று தெரியாத வாக்கியம். அப்படி எழுத எனக்கு நன்றாகத் தெரியும். மறுநாள் ஒரு வரியில் பதில் வந்தது: உங்கள் இரண்டு கருத்துகளில் எதை நாங்கள் எடுத்துக்கொள்வது? அன்று இரவே, நான் சம்மதித்தேன், தாமதத்தில் பெரும்பகுதி எங்களால் ஆனது என்று நேராக எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஓட்டுநர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை.

"சூப்பர்வைசர் போன்ல காட்டுனாரு சார். எல்லாம் உங்க பேர்லயே இருந்துச்சு."

"நான் அப்புறம் மாத்தி எழுதினேங்க. அதையும் பார்த்தீங்களா?"

"பாத்தேன் சார். பஸ்ஸுன்னு ஆர்டர் போட்ட பெறகு வந்துச்சாம். அந்தச் சம்படத்த மட்டும் வாட்ச்மேன்ட்ட வச்சுருங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்தப் பக்கம் வர்றேன்."

வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று என் மனைவி சம்படத்தைத் துடைத்து, அதில் சர்க்கரை நிரப்பினாள். நான் கீழே கொண்டுபோய் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் வரும் நேரம் எனக்குத் தெரியும். வீட்டில்தான் இருந்தேன். ஏழாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளை லேபர் பஸ் வந்து நின்றது தெரிந்தது. லிஃப்ட்டில் இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இறங்கவில்லை.

பஸ் போன பிறகு கீழே போனேன். வாட்ச்மேன் மேசைக்கு அடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார்.

"டப்பா லே கயா. யே ஆப்கா ஹை, போலா." டப்பாவை எடுத்துக்கொண்டாராம், இது என்னுடையது என்றாராம்.

பைக்குள் சர்க்கரை இருந்தது.