லிஃப்ட்காரரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள்

எங்கள் சபை நடத்தும் குடிநோய் மறுவாழ்வு மையத்துக்குப் பத்து வருடம் ஆகிறதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் ஆலோசகரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பாஸ்டர் என்னிடம் வந்தார். "உங்களுக்குத்தான் சிஸ்டர் எழுத்து நல்லா வரும்" என்றார். சபையில் அத்தனை பேர் இருக்க, அந்த மனுஷனைப் பற்றி எழுத நான்தானா கிடைத்தேன்? ஒரு காலத்தில் அவர் பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பாஸ்டருக்கு அது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு லிஃப்டுகள் அவர் பொறுப்பு. பகலில் கம்பிக்கு எண்ணெய் போடுவார், கதவு உருளையை மாற்றுவார், நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே இழுப்பார். மாலை ஆறு மணிக்குக் கையில் கிரீஸ் வாசனையோடு சபைக்குப் பின்னால் இருக்கும் ஞாயிறு பள்ளி அறைக்கு வந்துவிடுவார். அங்கே இருப்பதெல்லாம் சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகள். ஊரையே ஆட்டிப் படைத்த குடிகாரர்கள் முழங்கால் தாடையில் இடிக்க அதில் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே இன்னொரு குட்டி நாற்காலியில் இவர்.

அவரும் பதினாலு வருடம் குடித்தவர்தான். ஒரு தடவை இரண்டு நர்சுகள் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கத்த, இவர் மொட்டைமாடி மோட்டார் அறையில் போதையில் நாற்பது நிமிடம் தூங்கியிருக்கிறார். இதை அவரே வருகைப் பதிவு வாசிப்பது போல எல்லோரிடமும் சொல்வார். அதன் பிறகு நிறுத்தினார். இரண்டு வருடம் ஆலோசகர் படிப்புப் படித்தார். பத்து வருடமாக மற்றவர்களை நிறுத்த வைக்கிறார். ஒரு நல்ல மனுஷனின் வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவுதான். இதோடு முடித்திருந்தால் பாஸ்டருக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். என் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஃப்ரேமுக்குள் சரியாக உட்காரும்படி விளிம்பை மெஷினில் வைத்துத் தேய்க்க வேண்டும். கை நடுங்கினால் லென்ஸ் போச்சு. அவர் குடித்த பத்தொன்பது வருடமும் அந்த வேலையைக் காப்பாற்றியது நான். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பிள்ளைகளின் லீவு லெட்டர் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எந்தக் காரணத்தை நம்புவார்கள், எதை நம்பமாட்டார்கள் என்பதைக் கரைத்துக் குடித்தவள் நான். அந்தப் படிப்பை எல்லாம் கடை முதலாளியிடம் போனில் காட்டினேன். காய்ச்சல், வாந்தி, பல் வலி. அவருடைய பெரியப்பாவை மூன்று தடவை சாகடித்தேன். மூன்றாவது தடவை முதலாளி, "அவனுக்கு மொத்தம் எத்தனை பெரியப்பாம்மா?" என்று கேட்டார். "பெரிய குடும்பம் சார்" என்றேன்.

வாசலில் நிறுத்தி வாயை முகர்ந்து பார்ப்பேன். பையைத் தடவுவேன். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து, ஆண்டவரே இவரைத் திருப்பித் தாரும் என்று அழுவேன். பத்தொன்பது வருடம் அழுதிருக்கிறேன். ஆண்டவர் திருப்பித்தான் தந்தார். ஆனால் என் கையில் தரவில்லை.

வயிற்றுவலிக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார் என் கணவர். லிஃப்ட் பழுது. காத்து நின்ற பத்து நிமிடத்தில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் படுத்தார். படுக்கையிலிருந்து எழுந்ததும் நேரே அந்தக் குட்டி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் பத்தொன்பது வருடம் கரடியாய்க் கத்தியது ஏறவில்லை. ஒரு லிஃப்ட்காரர் பத்து நிமிடம் பேசியது ஏறிவிட்டது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்பீர்கள். பட்டேன். ஒரு மாதம் முழுசாகப் பட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் எதை எடுத்தாலும் அண்ணன் புராணம். அண்ணன் இப்படிச் சொன்னார், அண்ணன் அப்படிச் சொன்னார். இத்தனைக்கும் அந்த அண்ணன் என் கணவரைவிட ஆறு வயது சின்னவர். குடிக்கத் தோன்றினால் உடனே அவருக்குப் போன் பண்ண வேண்டும் என்பது மையத்தின் விதி. அந்தத் தவிப்பு இருபது நிமிடத்தில் அடங்கிவிடுமாம். அந்த இருபது நிமிடமும் அண்ணனோடு பேச்சு. அதில் சிரிப்பு வேறு. என்னோடு கல்யாணமான புதிதில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

கடைக்கு லீவு சொல்லும் வேலையும் போய்விட்டது. ஒருநாள் நிஜமாகவே காய்ச்சல். வழக்கம்போல நான் போனை எடுத்தேன். "குடு, நானே சொல்லிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். ஏதோ என் சேலையை உருவிக்கொண்டது போல எனக்கு அவமானமாக இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் சிரிக்கமாட்டார்களா?

லிஃப்ட்காரர் என்னையும் கூப்பிட்டுவிட்டார். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் குடும்பத்தாருக்கு ஒரு கூட்டம் உண்டு, வாங்க என்று. "நான் என்ன குடிக்கிறேனா?" என்று கேட்டேன். ஆனாலும் பாஸ்டர் முகத்துக்காக ஒரே ஒரு தடவை போனேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மா இருக்கீங்கன்னு வைங்க, சிஸ்டர். என்ன பண்ணப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"அவருக்கு மறுநாள் சட்டையை அயர்ன் பண்ணி வைப்பேன்."

"அது அவருக்கு. உங்களுக்கு?"

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் வரவில்லை போலிருக்கிறது. "அவர் குடியை விட்ட மாதிரி நீங்களும் அவரைக் கொஞ்சம் விடணும், சிஸ்டர்" என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் புருஷனைப் பிடுங்கிக்கொண்டது போதாதென்று, என்னிடமே அவரை விடச் சொல்ல இந்த ஆள் யார்? வீட்டில் வந்து இதைச் சொல்லிப் பொருமினேன். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "உனக்கு அப்பா குடிச்சப்பதாம்மா நல்லா இருந்துச்சு" என்றாள். பளாரென்று ஒன்று வைத்தேன். உண்மை இல்லையென்றால் அப்படி அடித்திருக்கமாட்டேன்.

ஏழாவது மாதம், ஒரு ஞாயிறு ஆராதனையில் என் கணவர் சாட்சி சொன்னார். ஆண்டவருக்கு நன்றி. பாஸ்டருக்கு நன்றி. அண்ணனைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டார். சபையே அழுதது. கடைசியில் "என் குடும்பத்துக்கும் நன்றி" என்று ஒரு வார்த்தை. நான் இரண்டாவது வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேன். குடும்பமாம். கோடு போட்ட பாட்டில், செத்த பெரியப்பாக்கள், பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமைகள், எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டன.

அந்தப் புதன்கிழமை நாலு மணிக்கு, நான் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவர் வந்து நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்துவிட்டாராம். முதலாளி வாடிக்கையாளர் முன்னாலேயே, "மறுபடியும் குடிச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். ஏழு மாதமாக ஒரு சொட்டு தொடாதவரைப் பார்த்து! வந்த வேகத்தில் போனைக் கடையிலேயே வைத்துவிட்டிருந்தார்.

"அண்ணனுக்குப் போடு. சீக்கிரம் போடு" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எண்ணை அழுத்தவே இல்லை. சும்மா காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். லீவு சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் தானாக வந்தது. "ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறார்ங்க."

திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தேன். "என்கிட்ட சொல்லுங்களேன். நான் இல்லையா உங்களுக்கு?"

சொல்லப் பார்த்தார். கையை விடுவித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தெருமுனை திரும்பினால் நாலாவது கடை மதுக்கடை. எனக்கு அது தெரியும். அப்போதாவது லிஃப்ட்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். போனும் கையில்தான் இருந்தது. கூப்பிட்டால் அந்த ஆள் ஜெயித்ததாக ஆகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. என் கணவர் குடித்துவிட்டு வந்தால் மறுபடி என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். உடனே, ஆண்டவரே மன்னியும், மன்னியும் என்று முழங்கால் போட்டேன். இரண்டரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஆறரைக்கு வந்தார். வாசலிலேயே முகர்ந்து பார்த்தேன். தேநீர் வாசனை, கிரீஸ் வாசனை, அவ்வளவுதான்.

"ஆஸ்பத்திரிக்கே நடந்து போயிட்டேன்" என்றார். "அண்ணன் லிஃப்ட் மேல ஏறி வேலை பாத்துக்கிட்டு இருந்தாராம். நீ கூப்பிட்டது காதுல விழலையாம். உன்கிட்ட சாரி சொல்லச் சொன்னார்."

நான் கூப்பிடவே இல்லை. போனைப் பார்த்தவுடனே அது அந்த ஆளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தெரிந்தே என்னைக் காப்பாற்றியிருக்கிறார். என் வேலையை, பொய் சொல்லி ஒருவரைக் காப்பாற்றும் அந்த ஒரே வேலையையும், என்னிடமே காட்டிவிட்டார். எனக்கு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். தரைத்தளத்தில் லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவு ஓடும் பள்ளத்தில் சேர்ந்த அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க, பிரதர்?"

அவர் மழுப்பவில்லை. "தப்புதான், சிஸ்டர்."

"யாருக்காகவும் பொய் சொல்லாதீங்கன்னு எங்களுக்கு வகுப்பு எடுக்கிறவர்தானே நீங்க?"

"காலைல ஜெபத்துல அதைத்தான் சொல்லி அழுதுட்டு வந்தேன். அவர்கிட்டயும் சொல்லிடணும். நீங்க முதல்ல சொன்னா நல்லது." கையைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நான் குடிச்ச பதினாலு வருஷமும் என் பெண்டாட்டி என் கூடவே இருந்தா, சிஸ்டர். வாந்தி அள்ளினா. எனக்காகக் கம்பெனி வாசல்ல நின்னு கெஞ்சினா. நான் நிறுத்தினேன். எட்டாவது மாசம் என்னை விட்டுட்டுப் போயிட்டா."

"ஏன்?"

"'உங்களுக்கு இனிமே நான் எதுக்கு?'ன்னு கேட்டா. நான் ஜெபக்கூட்டம், சாட்சின்னு ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருந்தேன். உக்காந்து பதில் சொல்லல. உங்க வீட்டுக்காரருக்கு இது ஏழாவது மாசம்."

பக்கத்து லிஃப்ட் வந்து நின்று, ஆட்கள் இறங்கிப் போனார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"அவர் எனக்குப் போன் பண்றப்பல்லாம் பின்னாடி நீங்க பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்கும். பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கும். எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா? நான் போனை வச்சா என் வீட்டுல ஒரு டம்ளர் சத்தம்கூட இருக்காது. அந்தச் சத்தம் உங்க வீட்டுல நின்னுடக் கூடாதேன்னுதான் சிஸ்டர், வாய்ல பொய் வந்துருச்சு."

சிக்னலுக்காக என் கணவர் சமையலறை ஜன்னலோரம் நின்றுதான் பேசுவார். அவர்கள் பேச்சு ஓடும்போது நான் வேண்டுமென்றேதான் உருட்டுவேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி எடுத்து உருட்டுவேன். என் வயிற்றெரிச்சலின் சத்தம் அது. அதைக் கேட்டு ஒரு மனுஷன் அந்தப் பக்கம் ஏங்கியிருக்கிறான்.

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன். "நேத்து நான் அவரைக் கூப்பிடவே இல்லைங்க. எடுக்கலன்னு பொய் சொன்னேன்."

என் பக்கம் திரும்பினார். "ஏன்?"

"பொறாமை. என்கிட்ட சொல்லாததையெல்லாம் அவர்கிட்ட சொல்றீங்க."

"உன்கிட்ட சொன்னா நீ உடனே ஏதாவது பண்ணக் கிளம்பிடுவ. அவர் சும்மா உக்காந்து கேப்பார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் வாயை முகரவில்லை, பையைத் தடவவில்லை. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன். அவர் குடிக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. குடும்பத்தார் கூட்டத்துக்குப் போய் ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தபோது, என் கணவர் போனோடு ஜன்னலோரம் வந்து நின்றார். "ஆமாண்ணே, சொல்லிட்டா. நீங்க சொன்னதும் பொய்தான்னு நீங்களே சொல்லிட்டீங்க. சரி விடுங்கண்ணே" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இங்கதான் இருக்கா" என்றார்.

அவர்கள் பேசட்டும் என்று கையிலிருந்த தட்டைச் சத்தமில்லாமல் கவிழ்க்கப் போனேன். அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பவர் நினைவுக்கு வந்தார். இருந்த பாத்திரத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி உருட்டினேன்.