கோட்டைக்குள் இருந்த சிப்பாய்

அப்போது நாங்கள் இருந்த நார்த்மீட் வீட்டுக் கராஜில் செஸ் பலகையைச் சுற்றி அப்பா, அவருடைய சிநேகிதர் சிவா அங்கிள், நான். அம்மா வேலைக்குப் போயிருப்பா. நான் சேர்த்துவைக்கும் பழைய பிளாஸ்ரிக் செஸ் பெட்டிகளில் முதலாவதை இன்று திறந்ததும், எப்போதோ இடிக்கப்பட்ட அந்தக் கராஜின் பெற்றோல் மணமும், காணாமற்போன கறுப்புச் சிப்பாய்க்குப் பதிலாக நின்ற சோடா மூடியும், ஆட்டம் முடிந்ததும் அப்பாவும் அங்கிளும் சிப்பாயைத் தாங்கள் ஒளிக்கவில்லையென்று காற்சட்டைப் பைகளை ஒருவருக்கொருவர் உதறிக் காட்டியதும், பிறகு அங்கிள் வராமலே விட்டதும் திரும்பி வந்தன.

கழுவுவதற்காகக் கவிழ்த்தபோது, கோட்டைக் காயின் குழிவான அடிக்குள் அந்தச் சிப்பாய் இறுகிக் கிடந்தது. அப்பாவிடம் காட்டினேன்.

"ஓம், அவன்தான் அதுக்குள்ள அடைச்சவன்."

"அங்கிளுக்கு ஒரு போன் கோல் எடுப்பமா, அப்பா?"

"எடுத்து? நான் அடைச்சனான் எண்டு சொல்லுவான். மூடு பெட்டியை."

பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டியை அப்பாவும் அங்கிளும் ஆளுக்கு ஒரு டொலர் போட்டு வாங்கியிருந்தார்கள்.