அக்கா பொண்ணுக்கு ஒரு யுகுலேலே

"...அக்கா பொண்ணுக்குன்னு சொல்றீங்க, ஆனா அப்போலேர்ந்து உங்க விரலையேதான பாத்துட்டிருக்கீங்க?" என்றாள் ஷபானா.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இசைக்கருவிக் கடை வைத்திருப்பவள். எனக்கு வியர்த்துவிட்டது. மழலையர் பள்ளியில், குட்டி கிட்டார் போலிருக்கும் யுகுலேலேயை வாசித்துப் பாட்டுச் சொல்லித்தருவதுதான் என் வேலை. பஸ் கதவில் இடது கை நசுங்கியதிலிருந்து விரல்கள் விறைத்தே கிடந்தன. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. வீட்டில் இருக்கும் என் யுகுலேலேயைத் தொடவே பயந்து, யாருக்கோ வாங்குவதுபோல இங்கே வந்திருந்தேன்.

பழக்கத்தில், 'டெனர்' என்ற பெரிய அளவு யுகுலேலேயை எடுத்து மூன்று விரல் வைத்தேன். மோதிர விரல் எட்டவே இல்லை.

"அத வெச்சுடுங்கக்கா. இந்தச் சின்ன சோப்ரானோவ எடுங்க. விரல் வெக்கிற கோடுங்க கிட்ட கிட்ட இருக்கு, விரல ஜாஸ்தி நீட்ட வேணாம்."

"அதுலயும் வரலேன்னா?"

"டீ குடிச்சிட்டு மறுபடி பாப்போம். விரல் எங்க ஓடிடப்போவுது?"

அந்தப் பயத்திலும் சிரித்துவிட்டேன். நான் கூச்சப்படக்கூடாது என்று அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

சோப்ரானோவை எடுத்தேன். முதல் மீட்டலில் ஒரு கம்பி 'டொக்' என்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினேன். நான்கு கம்பிகளும் பேசின.

கருவிக்கு என் கை போதவில்லை என்றே இத்தனை நாள் நடுங்கியிருக்கிறேன். கைக்கேற்ற கருவியைத் தேடலாம் என்று தோன்றவே இல்லை.

ஷபானா அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. மேசைமேல் கிடந்த டெனரை எடுத்து, சுவரில் உயரமாக இருந்த ஆணியில் மாட்டினாள்.