இர்மா பிடித்த தூண்

இர்மாவின் மூக்கை உடைத்தவன் கட்டிய புருஷன். தாடையை உடைத்தவன் பெற்ற பிள்ளை. இரண்டுக்கும் நடுவே இருபத்தாறு வருஷம். முதலாவது நடந்த காலத்தில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். என் ஐஸ்கிரீம் கடைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர்தான். அங்கே நாற்காலி உடையும் சத்தம் கேட்டால் நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். ஊரே அப்படித்தான் இருந்தது. எங்கள் யோக்கியதை அவ்வளவுதான்.

புருஷன் ராய் வெள்ளிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். கல் சரிந்து செத்தான். அடக்கத்தின்போது இர்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று நாலு பெண்கள் முணுமுணுத்தார்கள். "இத்தனை வருஷம் அழுதது உங்க காதுல விழலையாடி?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. என் காதில் மட்டும் விழவில்லையா என்ன?

அப்புறம் சுரங்கத்தை மூடினார்கள். ஏரிக்கரையோடு மலையைக் குடைந்து போன தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு, அதே தடத்தில் தார் போட்டுச் சைக்கிள் பாதையாக்கினார்கள். சரக்கு ரயில் போன தடம் என்பதால் ஏற்றமே இல்லை. ஐந்து வயசுக் குழந்தைகூட மிதித்துவிடும். கோடை வந்தால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆனால் வெள்ளித் தாதோடு கலந்து ரயிலிலிருந்து காலம் காலமாகக் கொட்டிய ஈய விஷம் அந்த மண்ணில் இருக்கிறது. தார்தான் அதற்கு மூடி. பாதையை விட்டு இறங்காதே, மண்ணைத் தொட்டால் கழுவு என்று மைலுக்கு ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.

இர்மா தன் வீட்டு முன்னறையில் வாடகைச் சைக்கிள் கடை போட்டாள். ஒருமுறை ஒருத்தன் சைக்கிளோடு நழுவப் பார்த்தான். காற்றடிக்கும் பம்பால் அவன் முழங்காலில் ஒன்று போட்டாள். பிறகு உட்கார வைத்து அவளே கட்டும் போட்டுவிட்டாள். அவள் சுபாவம் அது.

ரோட்டிலிருந்து பாதை பிரியும் இடத்தில், கார்கள் நுழையாதபடி நட்டநடுவே ஒரு மஞ்சள் இரும்புத் தூண் உண்டு. பூட்டைத் திறந்தால் குழியிலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். புல் வெட்டும் வண்டியை உள்ளே விடும் பொறுப்பு இர்மாவுடையது என்பதால் சாவி அவளிடம் இருந்தது. அந்த ஜூலை மாதக் காலையில் வண்டி வந்து போயிற்று. கடையில் ஒரே கூட்டம். தூணைத் திரும்ப நட மறந்துவிட்டாள். அது புல்லில் கிடந்தது.

ஒன்பது மணிக்கு மருமகள் கேசி நடந்தே வந்தாள். இடுப்பில் மூன்று வயசு ஜூனி. கேசியின் உதடு கிழிந்திருந்தது.

"ஃபோனை உடைச்சுட்டான் அத்தை. கார் சாவியையும் புடுங்கிக்கிட்டான். இன்னைக்குப் புள்ளை மேலயும் கை வச்சுட்டான்."

இர்மா ஜூனியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். காது ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. இருப்பதிலேயே நல்ல சைக்கிளை எடுத்து அதன் பின்னால் குழந்தைகள் உட்காரும் சின்ன வண்டியை மாட்டினாள்.

"உங்கண்ணன் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம்தானே? கார்ல சுத்திப் போனா ஒன்றரை மணி நேரம். இதுல ஏழே மைல். பழைய ரயில் பாலத்தைத் தாண்டினா அவன் வாசல். ஏறு."

"எனக்குப் பயமா இருக்கு அத்தை."

"எனக்கும்தான்டி. நீ பெடலை மிதி, பயம் பாட்டுக்குப் பின்னாடி வரட்டும்."

"அவன் உங்க புள்ளை."

"ஆமா, நான்தான் பெத்தேன். அதனாலதான் சொல்றேன், போ."

அவர்கள் போய் இருபது நிமிஷம் இருக்கும். இர்மாவின் மகன் டெல் தன் பிக்கப் வண்டியை என் கடைவாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"எங்கேம்மா அவ?"

"எவடா?"

"நடிக்காத!" சுவரில் குழந்தை வண்டி தொங்கும் கொக்கி காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டான். வரிசையில் நின்ற சைக்கிள்களை எட்டி உதைத்தான். பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. என் பக்கம் திரும்பி, "நீங்க பார்த்தீங்களா நோர்மா அத்தை?" என்றான்.

"உங்கப்பன் அடிக்கிறப்ப என் ஃப்ரீசருக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சுக்குவியே, அந்தப் பையனைத்தான்டா தேடிக்கிட்டிருக்கேன். காணோம்."

"வாயை மூடு கிழவி" என்று வண்டியில் ஏறினான். அது பாதையின் பக்கம் திரும்பியபோதுதான் இர்மாவுக்கு உறைத்தது.

"ஐயோ, தூண்!"

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஏரி. அந்தப் பாதையில் பிக்கப் நுழைந்துவிட்டால் கேசிக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. ஐம்பத்தெட்டு வயசுக்காரி விழுந்தடித்து ஓடினாள். புல்லில் கிடந்த தூணை இழுத்துவந்து குழியில் இறக்கினாள். பூட்டப் போனாள், நேரமில்லை. அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். விலகிவிடுவாள் என்று டெல் நினைத்திருப்பான். அந்த வீட்டில் எப்போதும் அவள்தானே விலகுவாள். அவன் பிரேக்கைத் தொடவே இல்லை.

மோதிய சத்தத்தில் ஏரிப் பறவைகளெல்லாம் எழும்பின. தூண் வளைந்தது, விழவில்லை. இர்மா தாருக்கு வெளியே போய் விழுந்தாள். அங்கிருந்து தவழ்ந்தே வந்து பூட்டை அழுத்தி மூடினாள். சாவியை ஏரியில் எறிந்தாள்.

டெல் இறங்கி வந்து அவள் முகத்தில் குத்தினான். எலும்பு முறிவது என் கடைவரை கேட்டது. விழுந்தவளின் விலாவில் உதைத்தான். இரண்டாவது உதைக்குக் காலை ஓங்கியபோது, தாருக்கு வெளியே இருந்த அந்தக் கறுப்பு மண்ணை இர்மா ஒரு பிடி அள்ளி அவன் கண்ணில் அறைந்தாள். அவன் அலறிக்கொண்டு காற்றில் கைகளை வீசினான்.

நான் அதற்குள் பம்போடு போய்ச் சேர்ந்திருந்தேன். முழங்காலுக்குப் பின்னால் ஒன்று கொடுத்தேன், மண்டி போட்டான். தோளில் ஒன்று. உள்ளதைச் சொல்கிறேன், அது எனக்குச் சுகமாக இருந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்த கைக்கு அப்படி ஒரு வெறி. மூன்றாவதாக அவன் தலைக்கு ஓங்கியபோது பம்பின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். இர்மா. தாடை ஒருபக்கமாகத் தொங்கியது, பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். போதுமாம்.

சைக்கிள் வாடகைக்கு எடுக்க வந்த இரண்டு அப்பாக்கள் அவன் கால்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். இர்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து, அதை ஒரு கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் அவன் தலையைத் தன் மடிக்கு இழுத்தாள். எதற்கு என்று புரியாமல் விழித்தேன். தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினாள். நான் ஊற்ற ஊற்ற, அந்த ஈய மண்ணை அவன் கண்ணிலிருந்து விரலால் வழித்து எடுத்தாள். அவள் வாய் ரத்தம் அவன் நெற்றியில் சொட்டியது.

"எரியுதும்மா" என்று அழுதான், ஆறு வயசுக் குரலில்.

போலீஸ் வந்து அவனை விலங்கு போட்டுக் கொண்டுபோனது. ஆம்புலன்ஸ்காரர்கள் இர்மாவைத் தூக்க வந்தார்கள். அவள் தூணை விடவில்லை. "பூட்டியாச்சுடி, பைத்தியக்காரி. சாவிகூட ஏரியில கிடக்கு" என்று கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அசையவில்லை. விரலைப் பிரிக்கப் பார்த்தவனை முறைத்தாள். அவர்கள் அப்படியே பஞ்சை வைத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தேகாலுக்கு என் ஃபோன் அடித்தது. அதை இர்மாவின் காதில் வைத்தேன். எனக்கும் கேட்டது.

"அத்தை, அண்ணன் வீட்டுக்கு வந்துட்டோம். ஜூனி வழியிலேயே தூங்கிட்டா. நீங்க ஏன் பேச மாட்டேங்கறீங்க? அத்தை?"

அப்போதுதான் இர்மா தூணிலிருந்து கையை எடுத்தாள்.