பதினாலு இழுப்பு அறை

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அம்மா வலது காலைச் செருப்பிலிருந்து உருவி, பெருவிரலால் தரையை ஒருமுறை தேய்த்துப் பார்ப்பாள். வங்கியிலும் செய்வாள், சொந்தக்காரர் வீட்டிலும் செய்வாள். மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் இருந்தது. மகள் பட்டம் வாங்கிய அன்று, ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்திலும் அம்மா விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள்: "இவ்ளோ பெரிய காலேஜு. ஒரே வாளித் தண்ணியில மொத்தத்தையும் துடைச்சிருக்கானுங்க பாரு."

இருபத்திரண்டு வருடம் அலுவலகக் கட்டடங்களைத் துடைத்தவள் அம்மா. மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, வேலைக்கென்று கிளம்பிப் போன அப்பா வேறொரு குடும்பத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அழுது முடிக்க அம்மாவுக்கு ஒரு வாரம்தான் கிடைத்தது. அடுத்த வாரம் வாளியைத் தூக்கிவிட்டாள். காலை நாலரைக்கு எழுந்து, ஆட்கள் வருவதற்குள் நான்காவது மாடி முழுவதையும் துடைத்து முடிப்பாள். சாயங்காலம் இன்னொரு கட்டடம்.

அறைகளை அவள் அடிக்கணக்கில் அளந்ததே இல்லை. இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மாப்பை ஒருமுறை கொண்டுபோனால் அது ஒரு இழுப்பு. மேலாளர் அறை இருபது இழுப்பு. கூட்டம் நடக்கும் அறை நாற்பத்தாறு. தவணை கட்டி முடித்துச் சொந்தமாக்கிய மாடி வீட்டின் ஒரே படுக்கையறை பதினாலு இழுப்பு.

அந்த வீட்டுக்கு மகள் வருவது குறைந்துகொண்டே போனது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், எட்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு நல்ல வேலையில் இருந்தாள். ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டபோது வாயில் வந்ததைச் சொன்னாள்: "சிமெண்ட் தரை சில்லுனு இருக்கும்மா. வந்தாலே சளி பிடிச்சுக்குது."

முழுப் பொய்யும் இல்லை. ஒருமுறை பிடித்திருந்தது. ஆனால் உண்மைக் காரணம் அதில்லை என்று சொன்ன வாய்க்கே தெரியும். வீட்டுக்குப் போனால் சாப்பிட்ட தட்டைக் கழுவக்கூட அம்மா விடமாட்டாள். நாற்காலி நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் தோழிகள் கேட்டபோது, அம்மா ஒரு ஆபீசில் இருக்கிறாள் என்று சொல்லியிருந்தாள். அதுவும் முழுப் பொய்யில்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு அம்மாவின் கைகளைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. இதில் எது காரணம், எது சாக்கு என்று பிரித்துப் பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை.

இரண்டு மாதம் கழித்து அம்மா போனில் அறிவித்தாள். படுக்கையறைக்கு மரத்தரை போடப் போகிறாளாம், தன் கையாலேயே. மரம் சில்லிடாதாம். ஆள் வைத்துச் செய்யலாமே என்றாள் மகள். துடைக்கத் தெரிந்தவளுக்குப் போடத் தெரியாதா என்று அம்மா அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டாள்.

கடைக்காரர் எத்தனை சதுர அடி என்று கேட்க, அம்மா பதினாலு இழுப்பு என்றாளாம். அவர் விழித்ததைப் பார்த்து, வீட்டுக்கு வந்து மாப்புக் கட்டையையே எடுத்துப்போய் அளந்து காட்டினாளாம். மேலே அசல் மரம், அடியில் ஒட்டுப்பலகை, ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் ரகம். பிரிப்பதற்கு முன் பலகைப் பெட்டிகளை ஒரு வாரம் அறையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. புது மருமகள் மாதிரி வீட்டுக்குப் பழகட்டும் என்று சொல்லி, அந்த வாரம் முழுக்கப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

கீழ்வீட்டுக்காரர்கள் விடியுமுன் வேலைக்குப் போய் மதியம் திரும்பிவிடுவார்கள், அதற்குள்தான் சுத்தியல் அடிக்க முடியும். அதனால் காலை வேலையை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியைத் துடைப்பவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், ஒருத்தி உண்டு. அலுவலக வாளியைத் தொடாமல் தன் வாளியையே தினமும் தூக்கி வருவதால் எல்லோருக்கும் வாளி அக்கா. ஒன்பது நாள் காலை தன் மாடியோடு அம்மாவின் மாடியையும் சேர்த்துத் துடைக்க அவள் ஒப்புக்கொண்டாள். பிறகு ஒன்பது காலை வாளி அக்காவைத் தூங்கவிட்டு, அவள் மாடியையும் அம்மா துடைத்துத் திருப்பித் தர வேண்டும் என்பது பேச்சு.

முதல் நாள் அம்மா மூன்று வரிசை போட்டாள். மூன்றிலும் இணைப்புகள் ஒரே நேராக விழுந்து ஏணிப்படி மாதிரி ஆகிவிட்டன. பெட்டிக்குள் இருந்த தாளைப் புரட்டினால், அப்படிப் போட்ட படத்தின் மேல் பெரிய பெருக்கல் குறி. மூன்றையும் கழற்றினாள். சுத்தியலை நேராகப் பலகை விளிம்பில் அடித்ததில் நாலைந்து பலகை காது பிய்ந்து போயிருந்தது. பிறகுதான் நடுவில் ஒரு துண்டுக் கட்டையை வைத்து அதன்மேல் தட்டக் கற்றுக்கொண்டாள். முட்டிகளில் பழைய பஞ்சுத் துண்டுகளைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலை, மறுபடி முதல் வரிசையிலிருந்து தொடங்கும் முன், அந்தத் தாளின் இன்னொரு படத்தை போனில் அனுப்பிவிட்டு மகளை அழைத்தாள். மகள் ஒரு கூட்டத்துக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

"சுவரோரமா ஒரு விரக்கடை சந்து விட்ட மாதிரி போட்டிருக்கான் பாப்பா. இதுல பெருக்கலும் இல்ல, சரியும் இல்ல. இப்படி விடணும்ங்கிறானா, விடக்கூடாதுங்கிறானா? கீழ ரெண்டு வரி எழுதியிருக்கு."

படத்தைத் திறந்து அந்த இரண்டு வரியைப் படிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும்.

"இருபது வருஷமா தரையோட கிடக்கிறவ நீ. உனக்குத் தெரியாததையா அதுல எழுதியிருக்கப் போறான்?"

அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். அதுவும் சரிதான் என்றாள்.

சுவரோரச் சந்து என்றால் அம்மாவைப் பொறுத்தவரை அழுக்கின் வீடு. அப்படிப்பட்ட சந்துகளை ஊக்கால் நோண்டியே பாதி ஆயுளைக் கழித்தவள். ஆகவே நான்கு சுவரையும் முட்டும்படி, ஊசி நுழையாமல் பலகையை இறுக்கினாள். யார் கேட்டாலும், என் பொண்ணே சொல்லிட்டா, எனக்குத் தெரியாதது அதில் இல்லையாம் என்று பெருமையடித்துக்கொண்டாளாம்.

ஒன்பதாம் நாள் ஒரு படம் வந்தது. தேன் நிறத்தில் பளபளக்கும் தரை. ஒரு மூலையில் அம்மாவின் இரண்டு பாதங்கள். விடுமுறை கிடைத்ததும் வருவதாக மகள் பதில் எழுதினாள். விடுமுறை கிடைத்தது. அதில் தோழிகளோடு வேறெங்கோ போய்வந்தாள்.

மழை மாதங்கள் வந்தன. மரம் ஈரத்தைக் குடித்து விரியும். விரிய ஓரத்தில் இடமில்லாவிட்டால் நடுவில் எழும்பும். அம்மா அதைப் பற்றி போனில் மூச்சுவிடவில்லை. இருமலைப் பற்றியும்தான். மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள்தான் மகளுக்குச் செய்தி போனது. அவள் வந்து சேர்ந்தபோது அம்மா பேசும் நிலையில் இல்லை. சேர்க்கும்போது நினைவோடுதான் இருந்தார்கள் என்றாள் நர்ஸ். சக்கர நாற்காலியிலிருந்து காலைக் கீழே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மருந்துத் தண்ணி ஜாஸ்தி, துடைப்பு கம்மி என்று சொல்லிச் சிரிக்க வைத்தார்களாம். மறுநாள் அம்மா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகுதான் மகள் படுக்கையறைக் கதவைத் தள்ளினாள். கதவு பாதியில் இடித்து நின்றது. அறை நடுவில் தரை, குப்புறப் படுத்தவன் முதுகு மாதிரி எழும்பியிருந்தது. அதன் உச்சியில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அவளுடைய கல்லூரிப் புத்தகங்கள். ஜன்னல் மேடையில் அந்தத் தாள், நாலாக மடித்து, பாதி கரைந்த சோப்பு வைத்த டப்பாவின் கீழ். படத்துக்குக் கீழே இருந்த இரண்டு வரியை நின்றபடியே படித்தாள். நான்கு பக்கமும் இடம் விடவும், மரம் விரியும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் வாளி அக்கா வந்தாள். பெட்டியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தரை மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொல்வாளாம். அதை அமுக்கத்தான் புத்தகங்கள். பட்டப்படிப்புக்கு இந்த எடைகூடவா இல்லாமல் போகும் என்பாளாம்.

மகள் தாளை மடித்தபடியே சொன்னாள்: "சளி பிடிக்குதுன்னு நான் சொன்னது சும்மாக்கா. வராம இருக்கிறதுக்கு ஒரு சாக்கு."

"அவளுக்குத் தெரியாதா?" என்றாள் வாளி அக்கா. "நான் கேட்டேனே. ஏண்டி, அந்தப் பொண்ணு சும்மா சொல்லுது, நீ முட்டி தேயத் தட்டிக்கிட்டு இருக்கியேன்னு. தெரியும்க்கா, ஒரு சாக்காவது குறையட்டுமேன்னா."

மகள் தாளைச் சோப்பு டப்பாவின் கீழேயே வைத்தாள். பிறகு, அம்மா எத்தனை காலை திருப்பித் தந்தாள் என்று கேட்டாள். ஐந்து. அதற்குள் இருமல் படுக்க வைத்துவிட்டது. இன்னும் நாலு.

"நாளைக்கு நான் வர்றேன்கா. நாலையும் நான் முடிச்சுத் தர்றேன்."

வாளி அக்கா அவள் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "இந்தக் கையில வாளி ஏறக்கூடாதுன்னுதான் அவ பாடுபட்டா. உன்னைத் தூக்க விட்டேன்னா என்னைச் சும்மா விடுவாளா? அது அவ எனக்குத் தர வேண்டியது. நீ தந்தா அது அவ தந்ததாகுமா?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த நாலு நாளும் நல்லாத் தூங்கணும்னு ஆசையா இருந்தேன், போ."

மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த சமதளத்தில் மகள் பாய் விரிக்காமல் படுத்தாள். தரை சில்லென்று இல்லை. அம்மா சொன்னது சரிதான்.

நாலரைக்கு விழிப்பு வந்தது. கீழே ஈரத் தெருவில் வாளி அக்காவின் செருப்புச் சத்தமும், வாளியின் கைப்பிடி ஆடும் சத்தமும் கேட்டன. ஜன்னலுக்கு எழுந்து போவதற்குள் திருப்பத்தில் மறைந்துவிட்டன. அம்மா இருந்திருந்தால் வாளி அக்கா தூங்கியிருக்க வேண்டிய காலை அது.